இரண்டாவது மெஷினில் முதல் பட்டன்

ஜன்னலை முழுசா திறக்காதீங்கக்கா, தூசு வரும். கொஞ்சமா. ஆங், போதும். இப்போ அந்தப் பக்கம் பாருங்க, கல்யாண மண்டபத்துச் சுவரு வருதா? ரெண்டு போஸ்டர் இருக்கே, கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு பேரு கும்பிடுறாங்களே. மேல இருக்கிறவர் பெரிய தணிகைவேல். கீழ, மூஞ்சியில சாணி அடிச்சிருக்கே, அவரு எங்கப்பா. அவர் பேரும் தணிகைவேல்தான்.

போயிடுச்சு. பார்த்தீங்களா? சரி விடுங்க, பார்த்து ஆகப்போறது ஒண்ணும் இல்லை.

நீங்க செய்யாறு வரைக்குமா? நானும்தான். எங்க அம்மாவைக் கூட்டிட்டு வரப் போறேன். ஏழு வாரமா மாமா வீட்ல இருக்காங்க. மாமா ஷூ கம்பெனியில சேர்த்துவிட ஏற்பாடு பண்ணிட்டாரு. திங்கக்கிழமை டூட்டியில சேரணுமாம். சேர்ந்துட்டாங்கன்னா அவ்வளவுதான், திரும்பி வரமாட்டாங்க. எனக்கு எங்க அம்மாவைத் தெரியும். அதனால இன்னிக்கே கையோட கூட்டிட்டு வரணும்.

என்ன சண்டையா? ஒரு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டுக்கா. சிரிக்காதீங்க. முன்ன பின்ன தெரியாதவங்க சிரிச்சா எனக்குக் கோவம் வராது, அருவருப்பா இருக்கும். எலெக்ஷன்ல இருந்து எனக்கு எல்லாத்தையும் பார்த்தா அருவருப்பாத்தான் இருக்கு. நான் இப்படித்தான், மனசுல பட்டதை அப்படியே சொல்லிடுவேன். பொய் பேசத் தெரியாது. ப்ளஸ் டூவோட போதும்னு நின்னதுக்கும் அதான் காரணம். காலேஜ்ல சேர்ந்து என்ன படிக்கப் போறேன்னு கேட்டாங்க. ஒண்ணும் படிக்கப் போறதில்லைன்னு சொல்லிட்டேன்.

எம்.பி. எலெக்ஷன்தான். பார்லிமென்ட்டுக்கு. வார்டு மெம்பருக்குக்கூட நின்னதில்லை எங்கப்பா, நேரா டெல்லி. எங்கப்பா காயில் கட்டுறவரு. தண்ணி மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா உள்ள இருக்கிற கம்பியை உருவிட்டு புதுசா சுத்திக் கொடுப்பாரு. எங்க ஊரு கன்னிகாம்பட்டு. அங்க சாயங்காலம் ஆனா டியூப் லைட் எரியாது, துடிக்கும். ஊருக்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வோல்டேஜ் இறங்கி இறங்கி வாரத்துக்கு மூணு மோட்டாராவது எரியும். எரிஞ்சா யாருக்கு வேலை? எங்கப்பாவுக்கு. அப்போ அவர் என்ன பண்ணணும்? கம்முனு இருக்கணும். இந்த மனுஷன் பதினோரு வருஷமா, ஊருக்கு இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னு மனு எழுதிட்டு இருக்காரு. கலெக்டருக்கு, மின்வாரியத்துக்கு, டெல்லிக்குக்கூட. அத்தனையையும் நடந்து போய் தபால்ல சேர்த்தது எங்க அம்மா.

ஊர்ல நன்றியா இருந்தாங்களான்னு கேளுங்க. கடைக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு, "யோவ் தணிகை, மோட்டார் எரியலைன்னா நீ இன்னாத்த துன்னுவ?"ன்னு கேப்பானுங்க. எங்கப்பா தலையைக்கூடத் தூக்கமாட்டாரு. "உன் மோட்டாரையே எத்தினி தடவைடா கட்டுறது, எனக்கே போரடிக்குது"ம்பாரு. அவ்வளவுதான் அவரோட அரசியல்.

பிப்ரவரி மாசம் ஏகாம்பரம்னு ஒருத்தர் கடைக்கு வந்தாரு. ஹாலோ பிளாக் கல்லு போடுறவரு. கட்சிக்காரர், எம்.பி.க்கு நின்ன பெரிய தணிகைவேலுக்கு எதிர்க் கட்சி. வந்தவரு எரிஞ்ச மோட்டார் மேலயே உக்காந்துட்டு, "அண்ணே, உங்க மனுவைப் பத்திக் கேள்விப்பட்டேன். உங்களை மாதிரி ஆளுங்க டெல்லிக்குப் போனாத்தான் இந்த ஜில்லா உருப்படும். சுயேச்சையா நில்லுங்க. டெபாசிட்டுல இருந்து எல்லாம் நான் பார்த்துக்கிறேன்"ன்னாரு.

அன்னிக்கு சோறு போடும்போது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஊர்ல இவ்ளோ பேரு இருக்க, உங்களை எதுக்குங்க தேடி வர்றாங்க?"

"பதினோரு வருஷ மனுடி கோமளா."

"மனு மேஜையிலயே கிடக்கும்போது வராதவங்க, இப்போ எதுக்கு வர்றாங்க?"

நான்தான் குறுக்க விழுந்தேன். "உனக்கு அப்பாவைக் கண்டாலே இளக்காரம். ஒருத்தர் மதிச்சு வந்தா பொறுக்காதே"ன்னேன். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அம்மா ரசத்தை வெச்சுட்டுப் போயிட்டாங்க.

வேட்பு மனு தாக்கல் பண்ண, முன்மொழிய பத்து பேரு கையெழுத்துப் போடணும். ஏகாம்பரமே பத்து பேரைக் கூட்டிட்டு வந்தாரு. ஒருத்தனையும் எங்களுக்குத் தெரியாது. எங்கப்பா ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சு கண் கலங்கினாரு. "முகம் தெரியாதவங்க பாரு பாப்பா, என் வேலையைத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க." அப்புறம் போட்டோ. ஓட்டு மெஷின்ல போட்டோ வருமில்ல, அதுக்கு. ஏகாம்பரம் ஸ்டுடியோவுல எங்கப்பாவுக்கு ஒரு கண்ணாடி கொடுத்து மாட்டிக்கச் சொன்னாரு. தடிச்ச கறுப்பு ஃப்ரேமு. எங்கப்பாவுக்குக் கண்ணு நல்லா தெரியும்கா, தலைமுடி மாதிரி இருக்கிற கம்பியை எண்ணி எண்ணிச் சுத்துறவரு. "எனக்கு எதுக்குங்க?"ன்னாரு. "முகத்துல எம்.பி. களை வரணும்ணே"ன்னு சொல்லி நெத்தியில சந்தனப் பொட்டும் வெச்சு எடுத்தாங்க. பெரிய தணிகைவேலுக்கும் அதே மாதிரி கறுப்பு ஃப்ரேமு கண்ணாடி, சந்தனப் பொட்டு. எனக்கு அப்போவே உறைச்சிருக்கணும். உறைக்கலை. எங்கப்பா அழகா இருந்தாரு, அதையே பார்த்துட்டு இருந்துட்டேன்.

இருபத்தி மூணு பேர் நின்னாங்க. ஒரு மெஷின்ல பதினாறு பேர்தான் பிடிக்கும். அதனால ரெண்டு மெஷினு. முதல் மெஷின்ல மேல முதல் பேரு பெரிய தணிகைவேல். பதினேழாவது எங்கப்பா. அதாவது ரெண்டாவது மெஷின்ல மேல முதல் பேரு. சின்னம் அலமாரி. லிஸ்ட் வந்த அன்னிக்கு ஏகாம்பரத்துக்கு வாயெல்லாம் பல்லு. எங்கப்பாவும் சேர்ந்து சிரிச்சாரு. எதுக்குச் சிரிக்கிறோம்னு தெரியாம.

பிரசாரம் எங்க நடந்துச்சு? டி.வி.எஸ். வண்டியில ஒரு மைக்கைக் கட்டிக்கிட்டு எங்கப்பா தனியா போவாரு. பேச்சை நான்தான் எழுதிக் கொடுத்தேன். தமிழ்ல நான் எண்பத்தொம்பது மார்க்கு. ஏகாம்பரம் ஆளுங்க போஸ்டரை மட்டும் ஒட்டினாங்க, அதுவும் எங்க ஊர்ல இல்லை. பத்து இருபது மைல் தள்ளி, எங்கப்பாவை யாரும் பார்த்தே இருக்காத ஊருங்கள்ல. எங்க ஊர்ல ஏன் ஒட்டலைன்னு கேட்டதுக்கு, "இங்கதான் உங்களை எல்லாருக்கும் தெரியுமேண்ணே"ன்னாரு. அது உண்மைதானே. ஆள் உண்மையைச் சொல்லித்தான் ஏமாத்தியிருக்காரு.

ஓட்டுப் போடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, மத்தியானம், பூத் ஏஜென்ட் ஃபாரம் வாங்க நான் ஹாலோ பிளாக் கம்பெனிக்குப் போனேன். அந்த ஆளு முதுகைக் காட்டிக்கிட்டு போன்ல பேசிட்டு இருந்தாரு. அப்படியே சொல்றேன், எனக்கு மனப்பாடம். "அவனுங்க கெழவிங்களுக்கு எல்லாம் 'மேல முதல் பட்டன், தணிகைவேலு'ன்னுதான சொல்லி வெச்சிருக்கானுங்க? நம்ம மெஷின்லயும் மேல முதல் பட்டன் தணிகைவேல்தான். கண்ணாடியும் மாட்டியாச்சு, பொட்டும் வெச்சாச்சு. அஞ்சாயிரம் ஓட்டு பிரிச்சாப் போதும், அவன் காலி." அப்புறம் சிரிச்சாரு. "ஆளா? காயில் கட்டுறவன். டெல்லிக்குப் போறதா நினைச்சுட்டு இருக்கான்."

திரும்பினவரு என்னைப் பார்த்துட்டாரு. கொஞ்சம்கூட முகம் மாறலைக்கா. "இன்னா பாப்பா, வெயில்ல வந்திருக்க, மோர் குடிக்கிறியா?"ன்னாரு.

குடிச்சேன். தாகமா இருந்துச்சு. அதுல என்ன இருக்கு?

சொல்லணும்னுதான் வீட்டுக்கு ஓடினேன். நான் மூஞ்சிக்கு நேரா சொல்றவ இல்லையா? உள்ள போனா, எங்கப்பா அந்த வெத்துக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு பீரோ கண்ணாடி முன்னாடி நிக்கிறாரு. "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, எங்கள் ஊர் கன்னிகாம்பட்டில் ஒரே ஒரு மின்மாற்றி..." நான் எழுதினதுதான். என்னைப் பார்த்ததும் வெக்கப்பட்டு, "எப்படி பாப்பா இருக்கு?"ன்னாரு.

"ஒரே மூச்சுல படிக்காதீங்க, நிறுத்தி நிறுத்திப் படிங்க"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

ஓட்டு அன்னிக்கு நாலு பேரும் ஒண்ணாத்தான் போனோம். அப்பா, அம்மா, எங்க அண்ணன் சரண், நான். எனக்கு முதல் ஓட்டு. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்ச ஸ்கூல்தான் பூத்து. வரிசையில நின்ன எங்க ஊர்க்காரனுங்க எங்கப்பாவுக்கு வணக்கம் வெச்சானுங்க பாருங்க, "வாங்க எம்.பி., வாங்க எம்.பி."ன்னு. எங்கப்பா எல்லாருக்கும் திருப்பிக் கும்பிட்டாரு. வெளிய வந்து நடக்கும்போது நான் அம்மாகிட்ட, "கீழ இருக்கிற பட்டன் ஒரே டைட்டும்மா, கட்டை விரல் வலிக்குது"ன்னேன். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு முன்னால நடந்தாங்க.

ரிசல்ட். எங்கப்பாவுக்கு ஆறாயிரத்து இருநூத்திப் பதினாலு. பெரிய தணிகைவேல் தோத்தது நாலாயிரத்துக்கும் குறைச்சலான வித்தியாசத்துல. ஏகாம்பரம் வீட்டு முன்னாடி பத்தாயிரம் வாலா வெடிச்சாங்க, எங்க கடை வரைக்கும் கேட்டுச்சு. எங்கப்பாவுக்கு ஒரு லட்டு வரலை. போன் பண்ணா எடுக்கலை. அன்னிக்குச் சாயங்காலமே பெரிய தணிகைவேல் ஆளுங்க வந்து கடை போர்டைக் கழட்டி சாக்கடையில போட்டாங்க. ஊர்க்காரன் எல்லாம் நின்னு வேடிக்கை பார்த்தான். மறுநாள் அவனுங்களே மோட்டாரைத் தூக்கிக்கிட்டு வர்றானுங்க, "தணிகை, பயிர் காயுது, சாயங்காலத்துக்குள்ள கட்டிக் கொடுப்பா"ன்னு. த்தூ. எங்கப்பா கட்டியும் கொடுத்தாரு.

ஆனா அவரு அசரலை. "பாப்பா, ஆறாயிரம் பேரு. என் மூஞ்சியே தெரியாதவங்க. அவங்களைப் போய்ப் பார்க்க வேணாமா?"ன்னாரு. நாற்பது ஐம்பது ஓட்டு விழுந்த ஊரு எதுன்னு விசாரிச்சு, நன்றி சொல்ல வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. போகாதீங்கன்னு சொல்லலாம்னு பார்த்தேன். ஏன்னு கேட்பாரு. சாயங்காலம் திரும்பி வந்தாரு. சட்டையில தோள்பட்டை கிழிஞ்சிருக்கு, உதடு வீங்கியிருக்கு, கண்ணாடி இல்லை. "வண்டியில இருந்து விழுந்துட்டேன்"னாரு. நான் போய் வண்டியைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எங்க வீட்ல எல்லாரும் பொய் சொல்றாங்கக்கா. எனக்கு அதான் பிடிக்கலை.

அதுக்கு அடுத்த வாரம்தான் எந்த பூத்துல யாருக்கு எவ்வளவுன்னு லிஸ்ட் போட்டாங்க. அண்ணன் போன்ல இறக்கினான். எங்கப்பா அந்த ஆறாயிரத்தைப் பார்க்கவே இல்லை. "நம்ம பூத்தைக் காட்டு"ன்னாரு. எழுநூத்தி அறுபத்தி நாலு பேரு ஓட்டுப் போட்ட பூத்து. எங்கப்பாவுக்கு மூணு.

வீட்ல ஓட்டு நாலு.

போனைக் கீழ வெச்சாரு. அப்புறம் எழுந்து சாமி படத்துக்கு முன்னாடி தட்டுல கற்பூரத்தை வெச்சு ஏத்தினாரு. எங்க பக்கம் அதுதான் கடைசித் தீர்ப்பு. எரியுற கற்பூரத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சா சத்தியம். பொய்ச் சத்தியம்னா கை சுட்டுடும்பாங்க. அதுக்கு மேல யாரும் கேள்வி கேட்கமாட்டாங்க. "யாருன்னு கேட்கலை. போட்டவங்க அடிங்க"ன்னாரு. அவரே முதல்ல அடிச்சாரு. மறுபடி ஏத்தினாரு. அண்ணன் அடிச்சான். மறுபடி ஏத்தி என் முன்னாடி நீட்டினாரு. நானும் அடிச்சேன். பளார்னு. அப்புறம் அம்மா.

அம்மா என் கையைப் பார்த்தாங்க. தட்டைப் பார்த்தாங்க. "நான் அடிக்கமாட்டேன்"னாங்க.

"அப்போ நீதான் போடலையா கோமளா?"

"பதினோரு வருஷம் உங்க மனுவை எல்லாம் தபால்ல சேர்த்தவ நான். என்கிட்டயே கற்பூரத்தை நீட்டுறீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அடிக்கமாட்டேன். என்ன வேணா நினைச்சுக்குங்க."

கற்பூரம் அதுவா எரிஞ்சு அதுவா அணைஞ்சுது. எங்கப்பா அம்மாவை அடிக்கலை, திட்டலை. பேசலை. அவங்க போட்ட சோத்தைத் தொடலை. நாலாவது நாள் அம்மா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. நான் வாசல்ல நின்னுட்டு, "ஒரு தடவை அடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும் இல்லம்மா?"ன்னேன். "உனக்கு முடிஞ்சுதா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் புரியலை. புரியாத மாதிரி பேசுறதே அவங்களுக்குப் பழக்கம்.

ஏழு வாரம். வீட்ல நான்தான் சமைக்கிறேன், நாய்கூடத் திங்காது. எங்கப்பா கடையைத் திறக்கிறாரு, மூடுறாரு. மனு எழுதுறதை நிறுத்திட்டாரு.

முந்தாநாள் அம்மா போன் பண்ணாங்க. எடுத்தது அப்பா. ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. "ஆமாங்க, நான்தான் போடலை. ஏதோ கோவத்துல வேற யாருக்கோ அமுக்கிட்டேன். போதுமா?" எங்கப்பா "சரி"ன்னாரு. "பாப்பாகிட்ட கொடுங்க"ன்னு சொல்லி என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "அன்னிக்குக் கற்பூரம் அடிச்சியே, கை சுட்டுச்சாடி?" ஏழு வாரத்துக்கு முன்னாடி அடிச்ச கற்பூரம். இல்லைன்னு சொன்னேன். சரின்னு வெச்சுட்டாங்க.

இன்னிக்குக் காலையில எங்கப்பா பஸ் ஏத்திவிட வந்தாரு. "அம்மாகிட்ட சொல்லு, மன்னிச்சிட்டேன்னு. வேலைக்கு எல்லாம் போக வேணாம்னு"ன்னாரு. பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணும் சொன்னாரு. "ஆறாயிரம் எல்லாம் அந்தாளுக்கு விழவேண்டியது பாப்பா. அந்த ஊர்ல போய் அடி வாங்கும்போதுதான் தெரிஞ்சுது. எனக்குன்னு விழுந்தது மூணுதான். நானு, உங்க அண்ணன், நீ. அது போதும் எனக்கு."

அது போதுமாம்.

நீங்க எதுக்கு என்னை அப்படிப் பார்க்கிறீங்க?

சரி. சொல்றேன். உங்களை நான் இனிமே பார்க்கப் போறதில்லை. நான்தான் போடலை. கடைசி பட்டன், நோட்டா. அந்த ஏகாம்பரத்துக்கு என் ஓட்டு போகக் கூடாதுன்னு அமுக்கினேன். கண்ணாடிக்குள்ள சீட்டு வந்து ஏழு செகண்ட் நிக்குமே, அது விழுற வரைக்கும் பார்த்தேன். எங்கப்பாவுக்கு எதிரா அமுக்கலைக்கா. பெரிய தணிகைவேலுக்குப் போட்டேனா? இல்லையே. நான் செஞ்சது நியாயம். ஊர்லயே நியாயமா விழுந்த ஒரு ஓட்டு அதுதான். கற்பூரமா? எல்லாரும் அடிச்சாங்க, நானும் அடிச்சேன். அந்த நேரத்துல வேற என்ன பண்றது?

எனக்குக் கோவம் அம்மா மேலதான். அவங்க போட்டிருக்காங்க. எங்கப்பா, அண்ணன், மூணாவது அவங்க. வேற யாரு? எங்க ஊர்க்காரனா? போட்டவங்க போட்டேன்னு கற்பூரத்தை அடிக்க வேண்டியதுதானே? போடலைன்னு எதுக்குப் பொய் சொல்லணும்? நான் கேட்டேனா? அவங்களை யாரு கேட்டா?

ஆற்காடு ரோடு தாண்டிடுச்சா? இதான் ஸ்டாப்பிங்கு. அதோ, மருந்துக் கடை நிழல்ல நிக்கிறாங்க பாருங்க, மஞ்சப் புடவை, அவங்கதான். பையைக்கூட எடுத்துட்டு வரலை. வர்றாங்களா இல்லையான்னு தெரியலையே.

கொஞ்சம் வழி விடுங்கக்கா. காலையில இருந்து சொல்லிப் பார்த்துட்டே வர்றேன். "அப்பா உன்னை மன்னிச்சிட்டாரு." மூணு வார்த்தைதான். பஸ் ஏறினப்போ சுலபமா வந்துச்சு. இப்போ வாயிலேயே நிக்குது.

இறங்கின உடனே என் கையைத்தான் பிடிப்பாங்க. பிடிச்சுத் திருப்பிப் பார்ப்பாங்க. பார்க்கட்டும், அங்க ஒண்ணும் இல்லை. அன்னிக்கே ஒண்ணும் இல்லை.

இந்தப் போனைக் கொஞ்சம் பிடிங்க, படியில நெருக்கடியா இருக்கு. "அப்பா"ன்னு இருக்கும் பாருங்க, முதல் பேரு. அமுக்கி, ரிங் போனதும் ஜன்னல் வழியா கொடுங்க. சீக்கிரம்கா, அவர்கிட்ட சொல்லிடணும். அவங்க என் கையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி.